மசோன்ஜா: பிதுக்கும் கையிலிருந்து சட்டி வரை, சத்து போகும் வழியும் காக்கும் வழியும்

காய்ந்த மசோன்ஜாவில், அதாவது தென்னாப்பிரிக்காவில் உண்ணும் மொப்பானிப் புழுவில், 100 கிராமுக்கு 55 முதல் 60 கிராம் வரை புரதம் என்று சொல்வார்கள். இரும்புச்சத்தைப் பற்றி இன்னும் பெரிதாகச் சொல்வார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் வெளியிட்ட உண்ணும் பூச்சிகள் பற்றிய அறிக்கையில், காய்ந்த எடைக் கணக்கில் 100 கிராம் மொப்பானிப் புழுவில் 31 முதல் 77 மில்லிகிராம் இரும்பு, மாட்டிறைச்சியில் 6 மில்லிகிராம் என்று இருக்கிறது. 31க்கும் 77க்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மரம், மண், பருவம் எல்லாம் அதில் சேரும். குடலை எவ்வளவு சுத்தமாகப் பிதுக்கினார்கள், எத்தனை நேரம் வேகவைத்தார்கள், வெந்த தண்ணீரை என்ன செய்தார்கள் என்பதும் சேரும். ஒரே மரத்துப் புழுவை இரண்டு வீட்டில் இரண்டு பக்குவத்தில் செய்தால், சாப்பிடுகிறவர் உடம்பில் சேருவது ஒன்றாக இருக்காது.

டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது பழகிய சாப்பாடு இல்லை. 1860இல் டிரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் வேலை செய்த கரும்புத் தோட்டங்கள் நேட்டால் கரையோரம் இருந்தன. மொப்பானி மரமோ நாட்டின் வடக்கே லிம்போபோ மாகாணத்தின் வறண்ட காட்டில் வளர்வது. அந்த மரத்து இலையைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழுதான் மசோன்ஜா. வெண்டா, சோங்கா, வடசோத்தோ மக்களின் அன்றாட உணவு. இப்போது காய்ந்த புழு மூட்டை மூட்டையாக நகரச் சந்தைகளுக்கு வருகிறது, வேலை இடத்து நண்பர்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நம் பிள்ளைகளும் ஆசையாகக் கேட்கிறார்கள். ஈசலை வறுத்து அரிசிப் பொரியோடு தின்ற வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. சங்கப் பாடல்களிலேயே ஈசலும் மோரும் சேர்ந்த புளிச்சோறு வருகிறது. ஆகவே பூச்சியைத் தின்னலாமா என்ற வாதத்துக்கு நான் இங்கே இடம் ஒதுக்கவில்லை. தின்பதென்று முடிவு செய்தபின் சத்து வீணாகாமல் எப்படித் தின்பது என்பதுதான் பேச்சு.

முதலில், பையில் உள்ள எண்ணைப் படிப்பது

ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி, வருவதைப் புரதம் என்று எழுதுகிறார்கள். இறைச்சிக்கு இது சரியாகவே வரும். பூச்சிக்கு வராது. ஏனென்றால் பூச்சியின் மேலோட்டில் கைட்டின் என்ற நார்ப்பொருள் இருக்கிறது, அதிலும் நைட்ரஜன் உண்டு. கைட்டின் புரதமல்ல, நம் வயிற்றில் அதிகம் செரிப்பதுமில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் மஞ்சள் மாவுப்புழு உட்பட 3 வகைப் புழுக்களை ஆராய்ந்து, 6.25க்குப் பதிலாக 4.76 என்ற எண்ணைப் பயன்படுத்தச் சொன்னார்கள். மசோன்ஜாவுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனாலும் வீட்டுக் கணக்குக்கு நல்ல கடிவாளம். பையில் 55 சதவீதம் என்று போட்டிருந்தால் அதை 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 30 கிராம் காய்ந்த புழு சாப்பிட்டால் பை சொல்லும் கணக்கில் 16.5 கிராம் புரதம், இந்தக் கணக்கில் 12.6 கிராம். இதுவும் நல்ல அளவுதான். பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சைப் புழுவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காயவைத்தால் புரதச் சதவீதம் ஏறும், புரதம் கூடியதால் அல்ல, தண்ணீர் போனதால். எண்ணெயில் பொரித்தால் சதவீதம் இறங்கும், புரதம் போனதால் அல்ல, எண்ணெய் ஏறியதால். 'இந்த முறையில் புரதம் கூடுகிறது' என்று யாராவது சொன்னால், 100 கிராமுக்கா, ஒரு புழுவுக்கா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விளம்பரம் அடங்கிவிடும்.

முதல் படி: வாங்குவது

மசோன்ஜா பொதுவாக ஆண்டுக்கு இரண்டு தடவை கிடைக்கும், டிசம்பரை ஒட்டி ஒன்று, ஏப்ரலை ஒட்டி ஒன்று. காய்ந்த புழு முழுசாக, கையில் எடுத்தால் கலகலவென்று இருக்க வேண்டும். சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெள்ளையோ பச்சையோ பூசணம் ஒரு புழுவில் தெரிந்தாலும் மொத்தப் பையையும் விட்டுவிடுங்கள், பொறுக்கி எடுத்துக் காப்பாற்ற முடியாது.

எந்தப் பக்கத்துப் புழு என்று கேட்பதில் தவறில்லை. குரூகர் தேசியப் பூங்காவில் இரண்டு இடத்து மொப்பானிப் புழுக்களை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, அவற்றில் இருந்த கன உலோகங்கள் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று எச்சரித்தது. இங்கே பக்குவம் எதுவும் உதவாது. உலோகம் கொதியில் ஆவியாகாது. காயவைத்தால் அதே உலோகம் குறைந்த எடையில் அடர்த்தியாக நிற்கும். அதனால் சுரங்கம், உருக்காலை, நெடுஞ்சாலை ஓரத்துப் புழு வேண்டாம். ஒரே இடத்துப் புழுவைத் தினமும் சாப்பிடவும் வேண்டாம். 2022இல் தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட பகுதியில் வெட்டுக்கிளி படையெடுத்தபோது மருந்து தெளித்தார்கள். அப்படித் தெளித்த இடத்து வெட்டுக்கிளியை எவ்வளவு வறுத்தாலும் உணவாகாது.

இரண்டாம் படி: பிதுக்குவது

பச்சைப் புழு கைக்கு வந்தால் முதல் வேலை குடலை வெளியேற்றுவது. லிம்போபோப் பெண்கள் புழுவை விரலிடுக்கில் பிடித்து ஒரே இழுப்பில் பிதுக்குவதைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். புழுவின் முதுகில் முள் இருக்கிறது, பழகாத கைக்குக் கையுறை வேண்டும். வெளியே வருவது பாதி செரித்த மொப்பானி இலை. அதில் டானின் இருக்கிறது, புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அது. கசப்பும் அதிலிருந்துதான். கிருமிகளும் பெரும்பாலும் அங்கேதான்.

குடலை எடுத்த புழுவையும் எடுக்காததையும் போட்ஸ்வானாவில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிதுக்கியதில் புரதத்தின் பங்கு கூடுகிறது, நாரும் சாம்பலும் குறைகின்றன. சாம்பல் என்பது கனிமங்களின் மொத்தக் கணக்கு. அதனால் பிதுக்காமல் விட்டால் கனிமம் மிச்சமாகும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடலில் இருப்பதில் ஒரு பங்கு இலையும் தூசியும் மண்ணும். தாளில் ஏறும் அந்த இரும்பு உடம்பில் ஏறும் என்று நம்ப நியாயம் போதாது. பிதுக்குங்கள், நன்றாகவே பிதுக்குங்கள். ஆனால் பிதுக்கியபின் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். இரண்டு தடவை சட்டென்று அலசினால் போதும்.

காய்ந்ததை வாங்குகிறவர்கள் ஒரு புழுவை நடுவில் ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெறுமையாக, மஞ்சள் பழுப்பாக இருந்தால் நல்ல கை பட்டது. கரும்பச்சைத் தூள் கொட்டினால் அவசர வேலை.

மூன்றாம் படி: வேகவைப்பது

அதிகச் சத்து தொலைவது இங்கேதான். அதே சமயம் தவிர்க்கவே கூடாத படியும் இதுதான்.

தவிர்க்கக்கூடாது என்பதற்குக் காரணம் கிருமி. மாவுப்புழுவிலும் பாச்சை எனப்படும் சுவர்க்கோழியிலும் செய்த ஆய்வுகளில், சில நிமிடம் கொதிக்கவைத்தாலே குடல்வழிக் கிருமிகள் அழிந்தன. வேகவைக்காமல் நேரே வறுத்தபோது முழுதாக அழியவில்லை. வெளியே கருகியிருந்தாலும் உள்ளே சூடு போதாமல் போகலாம். ஆகவே வறுப்பதென்றாலும் முதலில் ஒரு கொதி. இரண்டாவது காரணம், பூச்சியின் உடம்பில் இருக்கும் நொதிகள். உயிர் போனபின்னும் அவை வேலை செய்து சதையைக் கறுக்கவைக்கும், கொழுப்பைக் கெடுக்கும். கொதிநீர் அவற்றை நிறுத்தும்.

ஆனால் எல்லாக் கிருமியும் கொதியில் சாவதில்லை. வித்தாக மாறி உறங்கும் கிருமிகள் கொதித்தபின்னும் உயிரோடு இருக்கும். வேகவைத்த புழுவை ஈரத்தோடு இரவெல்லாம் வெளியில் வைத்தால் அவை முளைத்துப் பெருகும். வெந்தது உடனே சாப்பிடப்பட வேண்டும், அல்லது உடனே காய வேண்டும், அல்லது குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

இனி, தொலைவது என்ன? தண்ணீரில் கரைவதெல்லாம் தண்ணீரோடு போகும். தயமின், ரிபோஃபிளேவின், நியாசின், ஃபோலேட் ஆகிய பி வகை வைட்டமின்கள், பொட்டாசியம், கொஞ்சம் புரதம். ஜிம்பாப்வேயில் மக்கள் உண்ணும் ஒரு வண்டையும் ஒரு பாச்சை இனத்தையும் வேகவைத்து அளந்தபோது இரும்பும் துத்தநாகமும் கூடக் குறைந்தன. புழுவைத் தேடி வாங்குவதே இந்த இரண்டுக்காகத்தான். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வாங்கிய பலனில் ஒரு பங்கைச் சாக்கடையில் விடுகிறோம்.

நான் சொல்லும் முறை இது. அகலமான பாத்திரத்தில் புழு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்து, முதலில் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகு புழுவைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் கரைவதற்குத்தான் நேரம் கொடுக்கிறோம். மறுபடி கொதி வந்தபின் 10 முதல் 15 நிமிடம், மூடி போட்டு. அப்புறம் மூடியைத் திறந்து தண்ணீரை வற்றவிடுங்கள், கரைந்தது திரும்பப் புழுவின் மேலேயே படியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. மென்மைக்காகச் செய்கிறார்கள். ஆனால் மென்மை சமைக்கும் நாளில் வந்தால் போதும். காயவைப்பதற்கு முந்தைய வேக்காட்டில் அது தேவையில்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம்பரிய முறையில் உப்பு தாராளம், கெடாமல் வைத்திருக்க அதுதான் உதவியது. நம் சமூகத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாத வீடு அரிது. நீங்களே பதப்படுத்தினால் உப்பைக் குறைத்து, நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் உப்பின் வேலை பாதி குறைந்துவிடும்.

நான்காம் படி: காயவைப்பது

வெயிலில் உலர்த்துவதுதான் லிம்போபோவின் முறை. செலவில்லை, அந்த வறண்ட காற்றில் சீக்கிரம் முடியும். குறை இரண்டு. ரிபோஃபிளேவின் வெளிச்சத்தில் அழியும் வைட்டமின், நேர்வெயிலில் விரித்தால் அது வேகமாகப் போகும். இரண்டாவது, தரையில் சாக்கு விரித்துக் காயவைத்தால் மண், ஈ, கோழி எல்லாம் சேரும். உயரமான வலைத்தட்டில், மேலே மெல்லிய துணி மூடி, காற்றோட்டமான அரைநிழலில் வைத்தால் இரண்டு குறையும் தணியும். கருவாடு போட்ட வீட்டாருக்கு இந்த முறையை விளக்கவே வேண்டாம்.

சுடுசாம்பலில் புரட்டிக் காயவைக்கும் முறையும் உண்டு. மணமாக இருக்கும், முள்ளும் கருகி உதிரும். ஆனால் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். அதன் கனிமமும் ஆய்வுக் கணக்கில் புழுவின் கனிமமாக ஏறிவிடும். எந்த விறகு, எந்தச் சாம்பல் என்று தெரியாமல் வாங்கும் நகரத்துக்காரர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

டர்பனில் இருப்பவர்களுக்கு நான் வெயிலைச் சொல்வதே இல்லை. கோடையில் இங்கே காற்றிலேயே தண்ணீர் நிற்கிறது. காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். 'அவன்' (oven) அடுப்பைப் பயன்படுத்துங்கள். 60 டிகிரியை ஒட்டி, ஒரே அடுக்காகப் பரப்பி, கதவை ஒரு மரக்கரண்டி அளவுக்குத் திறந்து வைத்தால் ஈரம் வெளியேறும். அவனின் குறைந்தபட்சச் சூடு 80 என்றால் அதுவும் பரவாயில்லை, அடிக்கடி திருப்புங்கள். ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

உறைய வைத்து உலர்த்தும் தொழிற்சாலை முறையைத்தான் எல்லாவற்றிலும் உயர்ந்ததாக விற்கிறார்கள். நிறம், வடிவம், சூட்டில் அழியும் வைட்டமின் ஆகியவற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் மாவுப்புழுவில் செய்த ஒப்பீட்டில், இப்படி உலர்த்தியதில் கொழுப்பு மைக்ரோவேவில் உலர்த்தியதைவிட அதிகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தது. பஞ்சுபோல் நுண்துளைகளோடு நிற்பதால் காற்று உள்ளே சுலபமாகப் புகுகிறது. மைக்ரோவேவில் வைட்டமின் பி12 குறைந்தது. இப்படித்தான், எந்த முறையும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. மசோன்ஜாவில் ஆல்ஃபா லினோலெனிக் என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருப்பதால் ஆக்சிஜனேற்றத்தை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. வீட்டு அவனில் அளவான சூட்டில் உலர்த்தியது, விலையுயர்ந்த பாக்கெட்டுக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

ஐந்தாம் படி: வறுப்பதும் பொரிப்பதும்

நாக்கு கேட்பது மொறுமொறுப்பை. அதனால் இந்தப் படியில்தான் எல்லாரும் கை தளர்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கத் தட்டில் மசோன்ஜாவின் துணை பாப் என்னும் மக்காச்சோளக் களி. மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசியிலும் அதுதான் குறை. லைசின் குறைந்தால் சாப்பிட்ட மற்றப் புரதமும் முழுப் பயன் தராது. புழுவில் லைசின் நன்றாக இருக்கிறது. களிக்கும் சோற்றுக்கும் புழு இவ்வளவு பொருத்தமான துணையாவது இதனால்தான், சோற்றோடு பருப்பு சேர்வதன் நியாயமும் இதுவே. இப்போது அந்தப் புழுவைக் கரும்பழுப்பாகும் வரை வறுத்தால் என்ன ஆகிறது? அதிகச் சூட்டில், ஈரம் குறைந்த இடத்தில், சர்க்கரைப் பொருளோடு முதலில் பின்னிக்கொள்வது லைசின்தான். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் அந்தப் பிணைப்பிலிருந்து வருகின்றன. பிணைந்த லைசினை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வுக்கூடம் நைட்ரஜனை அளந்தால் புரதம் குறையாமல்தான் தெரியும். களிக்கு எது தேவையோ அது மட்டும் போயிருக்கும்.

கென்யாவில் ஈசலையும் ஒரு வெட்டுக்கிளி வகையையும் வறுத்தும் உலர்த்தியும் பார்த்தார்கள். வறுத்த ஈசலில் புரதம் செரிக்கும் அளவு குறைந்தது. வெட்டுக்கிளியில் அப்படிக் குறையவில்லை. வைட்டமின்கள் இரண்டிலும் குறைந்தன. ஒரு பூச்சிக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு அப்படியே நீட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

வறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வேகவைத்து உலர்த்திய புழுவை, மிதமான தீயில், பொன்னிறம் வரும்வரை மட்டும் புரட்டுங்கள். தீயைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்க நினைக்காதீர்கள். முழு எண்ணெயில் பொரிப்பதை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புழு எண்ணெயைக் குடிக்கும், அதன் சொந்த நல்ல கொழுப்பு எண்ணெயில் இறங்கும். ஏற்கெனவே பஜ்ஜி பொரித்த எண்ணெயில் இதைப் போடுவது மிக மோசம்.

பொடியும் சேமிப்பும்

பொடித்தால் ஓடு உடைவதால் செரிமானத்துக்கு உதவும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பது எளிது. தலையும் ஓடும் சல்லடையில் தங்கும், அதைத் தள்ளிவிடலாம். ஆனால் பொடித்த நிமிடத்திலிருந்து கொழுப்பு காற்றோடு சேரத் தொடங்கும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, உறைபெட்டியில் வையுங்கள். கடையில் விற்கும் கொழுப்பு நீக்கிய பூச்சி மாவில் புரத எண் உயர்ந்து நிற்கும். ஒமேகா-3 போயிருக்கும்.

முழுப் புழுவைச் சேமிப்பதில் பூசணம்தான் பெரிய எதிரி. போட்ஸ்வானாவில் விற்பனைக்கு இருந்த மொப்பானிப் புழுக்களில் நச்சு உண்டாக்கும் பூசண வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஜிம்பாப்வேயில், தானியம் இருந்த பழைய கொள்கலன்களில் வைத்த துர்நாற்றப் பூச்சிகளில் அஃப்ளாடாக்சின் இருந்தது 2016இல் வெளிவந்தது. அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நச்சு, சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. ஆகவே பழைய மக்காச்சோள மாவுச் சாக்கு, அரிசி மூட்டை, எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புதிய கண்ணாடிச் சாடி, இறுகிய மூடி, இருட்டான இடம்.

இது நம் வீடுகளுக்கு ஏன் முக்கியம் என்றால், புரட்டாசி முழுக்க டர்பன் தமிழ் வீடுகள் பலவற்றில் சைவம். ஏப்ரலில் பிடித்த புழுவைக் குளிர்காலத்தில் வாங்கி, பாதியைச் சாப்பிட்டு, மீதியை மறந்து, புரட்டாசி கழிந்தபின் சாடியைத் திறப்போம். அதற்குள் டர்பனின் ஈரப் பருவமும் தொடங்கியிருக்கும். புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் மீதமுள்ளதை அவனில் அரைமணி நேரம் மறுபடி சூடாக்கி, ஆறவிட்டு, உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மற்ற பூச்சிகளுக்குத் தனி விதி

வெட்டுக்கிளியின் இறக்கையையும் முள்ளுள்ள பின்னங்காலையும் கட்டாயம் பிய்க்க வேண்டும். பிய்க்காமல் நிறையத் தின்றவர்களுக்குக் குடல் அடைப்பு வந்திருக்கிறது. ஈசலுக்கு இறக்கையைப் புடைத்து எடுத்தால் போதும். அதில் கொழுப்பு அதிகம், எண்ணெயே வேண்டாம், உலர்ந்த சட்டியில் தானாக வதங்கும். ஈசலை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாள்கணக்கில் வைப்பது ஆபத்து. கென்யாவில் அப்படி வைத்த ஈசலைத் தின்று பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோய் வந்து மக்கள் இறந்திருக்கிறார்கள்.

வெண்டா மக்கள் தொங்கொலிஃபா என்று சொல்லும் துர்நாற்றப் பூச்சிக்கு வெந்நீர்ப் பக்குவம் உண்டு. உயிரோடு வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கிளறினால் அது தன் காரத் திரவத்தைப் பீய்ச்சிவிடும். பிறகு நீரை மாற்றி அலசுவார்கள். கண்ணில் தெறித்தால் எரியும். முன்பே செத்துப்போன பூச்சி அந்தத் திரவத்தை வெளியேற்றியிருக்காது, அதைத் தனியாகப் பிரித்துத் தலையை நீக்கிப் பிதுக்குவார்கள். இதைப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். சூடு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புகிறவர்களுக்கு நைஜீரியாவின் அனாஃபே பட்டுப்புழு ஒரு எச்சரிக்கை. அதில் தயமினை அழிக்கும் நொதி இருக்கிறது, சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கும். ஏற்கெனவே மரவள்ளியே முக்கிய உணவாக உள்ளவர்கள் அதைத் தின்று தள்ளாட்ட நோய்க்கு ஆளானார்கள்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்தப் பூச்சியையும் தொடவேண்டாம். ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் என்ற புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடித்தாலும் அது போவதில்லை.

கடைசிப் படி: சமைப்பது

நான்கு பேருக்கு 100 கிராம் காய்ந்த மசோன்ஜா போதும். முதலில் சட்டென்று ஒரு அலசு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசியும் மேலுப்பும் போகும். பிறகு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம். இந்த ஊறிய நீரைக் கொட்டக்கூடாது. அதே நீரில் மஞ்சள்தூள் போட்டு, மூடி, மெதுவான தீயில் 20 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், ரப்பர் போல இழுத்தால் இன்னும் கொஞ்ச நேரம்.

இன்னொரு சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம். இஞ்சி பூண்டு வதங்கியதும் நாலைந்து பழுத்த தக்காளி, டர்பன் மசாலா. தக்காளி கரைந்து தொக்கானதும் புழுவை அதன் மீதி நீரோடு அப்படியே கவிழ்த்து, சாறு கெட்டியாகும் வரை வைத்திருங்கள். உப்பை ருசி பார்த்தபின் போடுங்கள், பெரும்பாலும் வேண்டியிருக்காது. நிலக்கடலை அரைத்து ஊற்றுவது வடக்கே பிரபலம், மிக ருசி. ஆனால் கடலையில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ரத்தசோகை உள்ளவர்களுக்குச் செய்யும்போது அதை விட்டுவிடலாம்.

பூச்சியின் இரும்பு பெரும்பாலும் ஆட்டு ஈரலில் உள்ள வகையல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ளதைப் போல, கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து உடம்பில் ஏறும் அளவு மாறும். வைட்டமின் சி ஏற்றும். சூட்டில் அது குறைவதால், அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழியுங்கள். டர்பன் வீடுகளில் கறியோடு வைக்கும் சமைக்காத தக்காளி வெங்காய சம்பல் இங்கே வெறும் அலங்காரமில்லை, இரண்டு கரண்டி கட்டாயம் சாப்பிடுங்கள். 2003 அக்டோபரிலிருந்து இந்நாட்டு மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் இரும்பு சேர்ப்பது சட்டம், அந்த இரும்புக்கும் சம்பல் உதவும்.

சாப்பாட்டோடு பால் தேநீர் வேண்டாம். தேயிலையின் டானின் இரும்பைக் கட்டிப்போடும், ஒரு மணி நேரமாவது கழியட்டும். கையில் கோப்பை இல்லாமல் இருக்க முடியாதவர்கள் ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர் குடிக்கலாம். தென்னாப்பிரிக்காவிலேயே 1979இல் வெளிவந்த ஆய்வில், சாதாரணத் தேநீர் இரும்பு ஏறுவதை வெகுவாகக் குறைத்தது, ரூய்போஸ் அப்படிக் குறைக்கவில்லை.